உப்புத் தண்ணீரும் கத்திரியக்காவும்

குண்டூசியை ஷவரின் ஓட்டைகளில் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே கத்திரியக்கா எண்ணுகிறாள். மொத்தம் நாற்பத்தெட்டு ஓட்டை. அதில் பதினாறு நேற்றே அடைத்துக்கொண்டுவிட்டன. ஊசி நுழைந்ததும் வெள்ளைத் துணுக்கு ஒன்று பொரிந்து உதிர்கிறது. அதை விரல் நுனியில் ஒற்றியெடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "இதத்தான் ஊர்ல எல்லார் தலையிலயும் ஊத்திக்கிட்டு இருக்கேன்" என்கிறாள். காலை ஏழரை மணி, கடையில் யாருமில்லை. எதிர்க் கண்ணாடியில் நிற்கிற கத்திரியக்காவிடம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். ஒரு சுழல் நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி, சுவரை அடைத்த ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு நீளமாக ஒரு பெஞ்சு. நகரத்துப் பேருந்துகள் வளைந்து திரும்புகிற முனைக்கும் அப்பால், ஒரே அச்சில் வார்த்தது போல நாலு வரிசை வீடுகள். இரண்டாவது வரிசையின் மூலை வீடு இவளுடையது. இருபத்திரண்டு வருஷமாக இந்த நாலு வரிசைப் பெண்களின் முடியும் இவள் கையில். "எங்க குடுமியெல்லாம் அக்கா கையில" என்று அவர்கள் சொல்வதில் பாதி வேடிக்கை, பாதி நிஜம்.

வீட்டில் ஐந்து கத்திரிகள் இருக்கின்றன. துணிக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, எதற்கென்று இல்லாமல் ஒன்று. ஐந்தாவது முடி வெட்டுகிற கத்திரி. அதை அவளைத் தவிர ஒருவரும் தொடக் கூடாது. கல்யாணமான புதிதில் அவள் கணவர் அவசரத்துக்கு அதை எடுத்து ஒரு மின்கம்பியின் மேலுறையைச் சீவிவிட்டார். மூன்று நாள் அவரோடு பேச்சு வார்த்தை இல்லை. நாலாவது நாள் பேசிய முதல் வார்த்தை, "சாணை பிடிச்சாச்சா?" இந்தக் கதை தெருவுக்குள் பரவி, அவளுக்குக் கத்திரியக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. அறுபது வயதுக்காரர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு ஐம்பது.

முகத்தைப் பார்த்தால் அவளுக்கு ஆள் தெரியாது. கடைத்தெருவில் எதிரே வந்து சிரிப்பவரைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பாள். அவர் கடந்து போனதும் திரும்பிப் பார்த்து, பிடரியில் இருக்கிற சுழியைக் கண்டு, "அடடா, மூணாவது வரிசை தையல்காரம்மா!" என்று பின்னாலேயே ஓடுவாள். நாற்காலியில் உட்கார வைத்தால் முதலில் பேச்சில்லை. பத்து விரலையும் முடிக்குள் விட்டு அளைவாள். அரை நிமிஷத்தில் விசாரணை ஆரம்பமாகிவிடும். "தூங்கறதில்லையா? மாத்திரை ஏதாவது மாத்தினீங்களா? வீட்ல சண்டையா?" மூன்றில் ஒன்று எப்படியும் பலித்துவிடும். புதிதாக ஏதாவது செய்து பார்க்கலாமா என்று தயங்குகிறவர்களிடம், "முடியக் கட்டி மலைய இழுத்துப் பாப்போம். வந்தா மலை, போனா முடி" என்பாள். முடிவெட்டுக் கடைக்கென்றே யாரோ சொல்லிவைத்தது போன்ற பழமொழி. சொல்லி முடித்து அவளே ஒருமுறை சிரித்துக்கொள்வாள்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு இரண்டு மாதமாகப் போதாத காலம். வருகிறவர்கள் எல்லாம் குறை சொன்னார்கள். தலை வாரினால் சீப்பு மாட்டுகிறது. கழுவிய முடி தேங்காய் நார் மாதிரி நிற்கிறது. போட்ட சாயம் பத்தே நாளில் செம்பட்டை அடிக்கிறது. "அக்கா, உங்க ஷாம்பு போலியா இருக்கப் போகுது" என்று தையல்காரம்மாள் மெதுவாகத்தான் சொன்னாள். அது சுருக்கென்று தைத்தது. ஷாம்பு மாற்றினாள். மறுபடி மாற்றினாள். சீப்புகளை வெந்நீரில் ஊறவைத்தாள்; ஆறின நீரின் மேல் வெள்ளை ஏடு படிந்தது. முதல் வரிசையிலிருந்து நாலு பேர் பேருந்து ஏறி நகரத்துக் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். தன் கைதான் தேய்ந்துவிட்டதோ என்று ஒருநாள் ராணுவப் பரிசோதனை போல இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடிக்கு நேரே நீட்டிப் பார்த்தாள்.

பிறகுதான் பாட்டில்களை எடுத்தாள். ஜன்னல் கட்டையில் மூன்று கண்ணாடிப் பாட்டில்: ஒன்றில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர், ஒன்றில் விலைக்கு வாங்கிய கேன் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர். மூன்றிலும் சுரண்டிய சோப்பை ஒரே அளவு போட்டு, இருபது தடவை குலுக்கி வைத்தாள். மழைத் தண்ணீரில் நுரை கழுத்து வரை ஏறியது. கேன் தண்ணீரில் மூன்று விரற்கடை. குழாய்த் தண்ணீரில் நுரையே இல்லை. கலங்கிப்போய், திரிந்த பால் மாதிரி மேலே திப்பி திப்பியாக மிதந்தது.

சாட்சி கிடைத்துவிட்டது. ஆனால் எதிர்க்கட்சி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் கணவர்தான் அந்தப் பகுதியின் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர். காலை ஐந்து மணிக்குப் போய் மோட்டாரை ஓட்டி, நாலு வரிசைக்கும் முறை வைத்து வால்வைத் திறந்து விடுகிறவர். தண்ணீரைக் குறை சொன்னால் பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி முகம் சுண்டிவிடும்.

"தண்ணிக்கு என்ன ஆச்சுங்க?"

"தண்ணிக்கு என்ன ஆகும்? வருது, போகுது."

"சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது."

"சோப்ப மாத்து."

"மாத்திட்டேன்."

"அப்ப இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்."

"தேய்ச்சுத் தேய்ச்சு என் கைரேகை அழிஞ்சதுதான் மிச்சம்."

"இந்தா பாரும்மா, ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணியாச்சு. குடிக்க ஏத்த தண்ணின்னு எழுதியே குடுத்துட்டாங்க."

"குடிக்க ஏத்ததுதான். யாரு இல்லேன்னா? உங்க ஆபீஸ் என்னிக்காவது தலைக்குக் குளிச்சுப் பாத்திருக்கா?"

அவர் கை கழுவ எழுந்தார். சோப்பு வழுக்கவில்லை, கல்லை உரசுகிற மாதிரி இருந்தது. அதைக் கவனிக்காதவர் போலத் துண்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

நகரத்துக் கடைக்குப் போனவர்களைக்கூட அவளால் மன்னிக்க முடிந்தது. கணக்கு டீச்சர் வராமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. நாலாவது வரிசையில் இருக்கிற டீச்சர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை பதினோரு மணிக்கு, கடிகாரம் தப்பினாலும் தான் தப்பாமல் வருகிறவள். போன முறை வரவில்லை. ஒருநாள் மாலை தெருவில் தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு ஒருத்தி எதிர்ப்பக்கம் தாண்டிப் போனாள். துணிக்குக் கீழே தெரிந்த பிடரியைப் பார்த்ததுமே கத்திரியக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். 'டீச்சருமா?' என்று மட்டும் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

காரணம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்பு டீச்சருக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றின பதினெட்டாம் நாள், முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வர, டீச்சர் இங்கேதான் வந்தாள். கத்திரியக்கா கடைக் கதவைச் சாத்தி, நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்து, மழிக்கிற மெஷினை எடுத்தாள். கூட்டி அள்ளினதை டீச்சர் கண்ணில் படாமல் கொல்லைப் பக்கம் கொண்டுபோனாள். அடுத்த வருஷம் முடி திரும்பி வந்தபோது, முன்னே இல்லாத சுருட்டையாக வந்தது. "பரவால்ல டீச்சர், வட்டியோட திருப்பிக் குடுத்திருக்கான்" என்றாள் அக்கா. அன்றைக்குத்தான் டீச்சர் சத்தம் போட்டுச் சிரித்தது. இப்போது தோள் வரை இறங்கியிருக்கிறது. அந்தத் தலையும் வேறு கடைக்குப் போய்விட்டதென்றால் பிறகு என்ன இருக்கிறது?

ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட நேரம். கதவருகே தலையில் துணியோடு டீச்சர் நின்றாள். பெஞ்சில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கதவச் சாத்துங்கக்கா."

கத்திரியக்கா சாத்தினாள். டீச்சர் பைக்குள்ளிருந்து ஏழு காகித உறைகளை எடுத்து, சீப்புகள் வைக்கிற பலகையில் வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொரு உறையின் மேலும் சிவப்பு மையில் தேதி. அதற்குக் கீழே ஓர் எண். 123. 118. 140. 131. விடைத்தாளுக்கு மதிப்பெண் போடுகிற அதே கையெழுத்து.

"என்ன டீச்சர் இது?"

"முடி. குளிச்சதும் தரையில கெடக்கறதப் பொறுக்கி எண்ணி வெச்சேன்." டீச்சர் துணியை அவிழ்க்காமலே உட்கார்ந்தாள். "கொட்ட ஆரம்பிச்சிருச்சுக்கா. மறுபடியும்."

கத்திரியக்கா உறைகளை இன்னொரு முறை பார்த்தாள். போலி ஷாம்புவும், பேருந்து ஏறிப் போன நாலு பேரும், கணவரோடு நடந்த வாக்குவாதமும் ஒரே நொடியில் எங்கோ போய்விட்டன. வாய் பழக்கதோஷத்தில் 'போனா முடி' என்று கிளம்பப் பார்த்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பெரிய டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

டீச்சர் ஓர் உறையை நேராக்கி வைத்தாள்.

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா போவீங்களே, அந்தத் தேதி எப்ப?"

"போயிருச்சுக்கா. இருபது நாள் ஆச்சு."

"நீங்க போகலியா?"

"போனா சொல்லிருவாங்கல்ல." டீச்சர் சொன்ன விதத்தில் அது ரொம்ப நியாயமான காரணம் போல இருந்தது.

"வீட்ல சாருக்குத் தெரியுமா?"

"போன தடவையே அவர் பாதியாயிட்டாருக்கா. மிச்சப் பாதியும் போக வேண்டாம். டாக்டர் தேதி தள்ளி வெச்சிருக்காங்கன்னு சொல்லியிருக்கேன்."

கத்திரியக்கா கறுப்பு மேலங்கியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். 123 என்று எழுதிய உறையைப் பிரித்து அதன் மேல் கொட்டினாள். சாயம் கலக்கும்போது அளவு பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஒவ்வொரு முடியாக எடுத்து, இரண்டு நுனியையும் பார்த்து, சிலதை இடது பக்கமும் சிலதை வலது பக்கமும் வைத்தாள். ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. டீச்சர் மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வாங்க. இத பாருங்க" என்றாள் கடைசியில். "வேரோட விழற முடிக்கு அடியில வெள்ளையா, கடுகுல பாதி கூட இருக்காது, ஒரு குமிழ் இருக்கும். இந்தா, தெரியுதா? இது இடது பக்கம். முப்பத்திநாலு. இது தினம் எல்லார் தலையிலயும் விழறதுதான். என் தலையிலயும் விழுது. இப்ப வலது பக்கம் பாருங்க. ரெண்டு நுனியிலயும் ஒண்ணுமில்ல. நீளமும் ஒண்ணு போல இல்ல. ரெண்டு அங்குலம், நாலு அங்குலம். இது விழல டீச்சர். நடுவுல ஒடிஞ்சிருக்கு. எண்பத்தொம்பது."

"எழுபத்திரண்டு சதவீதம்" என்றாள் டீச்சர், தன்னையறியாமல்.

"அந்தத் தடவ விழுந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. அது வேற மாதிரி. இது வேற."

அடுத்த உறையையும் கொட்டச் சொன்னாள் டீச்சர். ஓர் உதாரணத்தை வைத்து விதி சொல்லக் கூடாதாம். நூற்றுப் பதினெட்டில் குமிழ் இருந்தது முப்பத்தொன்று, இல்லாதது எண்பத்தேழு. "எழுபத்தி நாலு" என்றாள். குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

"வீட்ல குளிக்கற பக்கெட் எப்படி இருக்கு? வெள்ளையா பூத்திருக்கா?"

"பக்கெட்ட எங்கக்கா பாத்தேன்? முடியத்தான எண்ணிக்கிட்டு இருக்கேன்."

இந்த இடத்தில்தான் கத்திரியக்கா தடுமாறினாள். தண்ணீர்தான், வேறொன்றும் இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீச்சர் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி வீட்டுக்குப் போய்விடுவாள். பிறகு ஆஸ்பத்திரி இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள். உள்ளே வேறு ஏதாவது இருந்து, அது இந்த ஒரு வார்த்தையின் நிழலில் சௌகரியமாக வளர்ந்தால்? ஆறுதல் சொல்வது சுலபம்தான். முடியைத் தடவிப் பார்த்துத் தூக்கம், சண்டை, மாத்திரை என்று குறி சொல்லியே பேர் வாங்கினவள், முதல் தடவையாகத் தன் கையைத் தானே சந்தேகப்பட்டாள்.

"டீச்சர், தண்ணிதான்னு என் கை சொல்லுது. சத்தியமா சொல்லுது. ஆனா என் கை டாக்டருக்குப் படிக்கல. நான் முடி பாக்கறவ. உடம்பு பாக்கறவங்ககிட்ட நீங்க போயாகணும்."

டீச்சரின் முகம் மறுபடி சுருங்கியது. "நல்லபடியா சொல்லிட்டு, கடைசில இப்படி…"

"சனிக்கிழமை போறோம்."

"சனிக்கிழமையா? உங்களுக்குக் கடையில கூட்டம் இருக்குமே."

"இருக்கட்டும். ரெண்டு மாசமா என்னத்தக் கூட்டம்? தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன, முழம் என்ன? எட்டு மணி பஸ்ஸு. நீங்க வரலேன்னா நான் உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, சார் காதுல விழற மாதிரி கூப்பிடுவேன்."

மிரட்டல் பலித்தது. போகும்போது டீச்சர் கையில் ஒரு குடம் கேன் தண்ணீரைக் கொடுத்து, கடைசியாக ஊற்றுகிற தண்ணீர் இதுவாக இருக்கட்டும் என்றாள்.

அன்று சாயங்காலம் கணவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள். யாரென்று சொல்லவில்லை. "ஒரு பொம்பள, பெரிய சீக்குலேர்ந்து பொழச்சு வந்தவ, உங்க தண்ணியால முடி ஒடியறதப் பாத்துட்டு, சீக்கு திரும்பிருச்சுன்னு பயந்து, இருபது நாளா சாப்பாடு தூக்கம் இல்லாம முடிய எண்ணிக்கிட்டு இருக்கா" என்றாள். அவர் ஒரு காலில் செருப்போடு நின்றுவிட்டார். இன்னொன்றையும் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"பழைய கிணத்து மோட்டார் எரிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. புதுசா போட்டாங்களே ஆழ்துளைக் கிணறு, முழுக்க அதுலேர்ந்துதான் வருது. முன்னாடி அத கால்வாசிதான் கலந்து விடுவோம். இப்ப அதேதான்."

கத்திரியக்கா இடுப்பில் கை வைத்தாள். "இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"யாரும் கேக்கல."

"நான் தினம் கேட்டேனே!"

"நீ தண்ணிக்கு என்ன ஆச்சுன்னு கேட்ட. கிணத்துக்கு என்ன ஆச்சுன்னு கேக்கலியே."

வேறு நாளாக இருந்தால் இதற்கு மூன்று நாள் பேச்சு வார்த்தை நின்றிருக்கும். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். மறுநாள் அவர் இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு தலைமை அலுவலகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். சாயங்காலம் ஒரு தாளோடு வந்தார். கடினத்தன்மை, லிட்டருக்கு ஐநூற்று எண்பது மில்லிகிராம். பழைய கணக்கு இருநூற்றுப் பத்து. "குடிச்சா ஒண்ணும் ஆகாது" என்றார் அப்போதும், விட்டுக்கொடுக்காமல். "ஆனா நீ சொன்னதும் சரிதான்." அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அவர் சொல்லவில்லை.

சனிக்கிழமை கடைக் கதவில் 'இன்று இல்லை' என்று ஒரு தாள் தொங்கியது. பேருந்தில் டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். மூன்று மணிக்குத்தான் முடிவு. காத்திருந்த நேரத்தில் கத்திரியக்கா முன் வரிசையில் இருந்தவர்களின் பின்தலைகளைப் பற்றி மெதுவான குரலில் ஓயாமல் பேசினாள். இது வீட்டிலேயே வெட்டினது, இது கோபத்தில் வெட்டினது, இந்த நர்ஸம்மா இரட்டைச் சுழி, அதான் இந்த நடை நடக்கிறாள். டீச்சர் இரண்டு தடவை சிரித்தாள். சிரித்துவிட்டு அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனார்கள். டாக்டரம்மா தாள்களைப் புரட்டினார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மறுபடி புரட்டினார். டாக்டர்கள் ஏன் இவ்வளவு மெதுவாகப் புரட்டுகிறார்கள் என்று கத்திரியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாம் சுத்தமா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "போன தடவைய விட நல்லாவே இருக்கு. ஏன் இருபது நாள் லேட்டு?"

டீச்சர் அக்காவைப் பார்த்தாள். கத்திரியக்கா கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேஜை மேல் நீட்டினாள். டாக்டரம்மா அதை மருத்துவச் சீட்டென்று நினைத்து வாங்கி, படித்து, புருவத்தை உயர்த்தினார்.

"இது என்ன, தண்ணி ரிப்போர்ட்டா?"

"ஆமாங்க. முடி ஒடியுது. வேரோட வரல, நடுவுல ஒடியுது. நான் முடிவெட்டறவ. எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன், இவங்களும் பாதிதான் நம்பினாங்க, நானும் பாதிதான் நம்பினேன்."

டாக்டரம்மா எழுந்து வந்து டீச்சரின் தலைத்துணியை விலக்கி, முடியைப் பிரித்துப் பார்த்தார். "மண்டை நல்லா இருக்கு. இப்படிப்பட்ட தண்ணியில முடி முரடாகி ஒடியலாம். மருந்துக்கு அப்புறம் வந்த முடி, கொஞ்சம் மெலிசு. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். பிறகு கத்திரியக்காவைப் பார்த்து, "கூட்டிக்கிட்டு வந்தீங்களே, அதுதான் முக்கியம்" என்றார்.

வெளியே வந்து, படியிறங்கி, ஒரு மரத்தடி சிமென்டுப் பலகையில் உட்கார்ந்ததும்தான் டீச்சர் அழுதாள். நன்றாக, வஞ்சனையில்லாமல், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு டீச்சர்" என்று சொல்லி முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கத்திரியக்காவுக்கு அப்போதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. இருவரும் எதிரே இருந்த கடையில் ரொட்டி வாங்கித் தின்றார்கள். டீச்சர் நாலு தின்றாள். திரும்பி வருகிற பேருந்தில் தூங்கிப்போய், அக்காவின் தோளில் சாய்ந்து, சின்னதாகக் குறட்டை கூட விட்டாள்.

திங்கட்கிழமை பம்ப் ஹவுஸ் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஆபரேட்டர் தன் கையாலேயே எழுதியது: 'இப்போது வருவது ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டும். உப்பு அதிகம். குடிக்கக் கெடுதல் இல்லை. சோப்பு நுரைக்காது, முடி முரடாகும், பயப்பட வேண்டாம். பழைய கிணற்று மோட்டார் பழுதாகி இரண்டு மாதம் ஆகிறது.' யாரைக் கேட்டு ஒட்டினாய் என்று மேலதிகாரி கத்தினார். "யாரும் கேக்கலேன்னுதான் சார் ஒட்டினேன்" என்றார் இவர். ஒட்டிய பிறகு நாலு வரிசையும் கேட்டது. இரண்டு மாதமாக வராமலிருந்த உதிரி பாகம் எட்டே நாளில் வந்து சேர்ந்தது. ஒன்பதாம் நாள் காலை குழாயில் பழைய கிணறு கலந்து வந்தது. மூன்றாவது வரிசைத் தையல்காரம்மாள் கையில் நுரையோடு தெருவுக்கே ஓடி வந்து காட்டினாள். போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நகரத்துக் கடைக்காரன் போட்டுவிட்ட சாயத்தை அக்கா பார்த்த பார்வையில் அவர்களே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

டீச்சர் தன் வீட்டில் உண்மையைச் சொல்ல இன்னும் சில நாள் பிடித்தது. நோயைச் சொல்வதைவிட மறைத்ததைச் சொல்வது கஷ்டமாம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். நாற்காலியில் ஒருத்தி, பெஞ்சில் மூன்று பேர். வாசலில் ஓர் ஆண் வந்து நின்றார். 'பெண்களுக்கு மட்டும்' என்ற பலகையை ஒருமுறை படித்தார், இன்னொரு முறை படித்தார், ஆனாலும் போகவில்லை. தையல்காரம்மாள்தான் அக்காவின் காதில், "கணக்கு டீச்சர் வீட்டுக்காரர்" என்றாள். நாற்காலியில் இருந்தவளுக்கு வேலை முடியும் வரை அவர் வெளியிலேயே நின்றார். அவள் எழுந்ததும் உள்ளே ஓர் அடி வைத்தார்.

"அவ சொன்னா" என்றார். "எல்லாம் சொன்னா."

கையைப் பிசைந்தார். சுவர்க் கண்ணாடியைப் பார்த்தார், காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார்.

"எனக்கும் கொஞ்சம் வெட்டி விடறீங்களா?"

பெஞ்சிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏனென்றால் அவர் உச்சந்தலை வழவழவென்று ஜன்னலைப் பிரதிபலித்துக்கொண்டிருந்தது. இரண்டு காதுக்கும் மேலே புருவம் அளவுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான் முடி. தையல்காரம்மாள் சிரிப்பை அடக்க வாரப் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கத்திரியக்கா சிரிக்கவில்லை. நாற்காலியைத் தட்டிவிட்டாள். "உக்காருங்க சார்" என்றாள். வெள்ளைத் துணியை உதறி, அவர் கழுத்தைச் சுற்றி, இறுக்கமில்லாமல் முடிச்சுப் போட்டாள். சீப்பை நனைத்துக்கொண்டாள். கால் மணி நேரம், இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை, ஒரு மயிரிழை பிசகாமல் வாரி வாரி வெட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து நீர் வழிந்தபோது, துணியின் நுனியால் அதையும் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். முடிந்ததும் கைக்கண்ணாடியை எடுத்து, எல்லோருக்கும் காட்டுகிற மாதிரியே, அவர் தலைக்குப் பின்னால் உயர்த்திப் பிடித்தாள். அவர் இடப்பக்கம் திருப்பி, வலப்பக்கம் திருப்பி நிதானமாகப் பார்த்து முடிக்கிற வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.